மலைமேல் ஒரு பள்ளிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல் மலையில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்து, கூடைப்பந்து அணியைப் பார்த்துக்கொண்டு, அதே பள்ளியில் ஓய்வும் பெற்றவன் நான். மூஞ்சிக்கல் பஸ் ஸ்டாப்பிலும் கல்யாண வீடுகளிலும் பெற்றோர் பிடித்து நிறுத்திக் கேட்பார்கள். புதிதாக வேலைக்கு வந்த மாஸ்டர்கள் போனில் கேட்பார்கள். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் அதேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன். வெளிநாட்டில் ஒரே பள்ளி அணியோடு வாழ்நாளைக் கழித்த சிலரைப் பற்றியும் ஆங்காங்கே வரும். நம் கோர்ட்டுக்கு உதவுகிற அளவுக்கு மட்டும் அவர்கள் கதையை எடுத்திருக்கிறேன்.

"பி.டி. மாஸ்டரும் கோச்சும் ஒரே ஆள்தானே சார்?"

நம் பள்ளிகளில் பெரும்பாலும் ஒரே ஆள்தான், ஆனால் வேலை இரண்டு. உடற்கல்வி ஆசிரியர் பள்ளியின் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொறுப்பு. காலை அசெம்பிளி, டிரில், ஆண்டு விழா, ஓட்டப் பந்தயம், வரிசை நிற்க வைப்பது எல்லாம் அவர் தலையில்தான். கூடைப்பந்துக் கோச் பன்னிரண்டு பேருக்குப் பொறுப்பு. அந்த வேலை மணி அடித்து மற்ற ஆசிரியர்கள் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் தொடங்கும், அதற்கென்று தனிச் சம்பளமும் பெரும்பாலும் இருக்காது. சேரும்போதே இதைத் தெரிந்துகொண்டு சேர்ந்தவர்கள்தான் நீடிக்கிறார்கள்.

"இதுக்கு என்ன படிக்கணும்?"

ஆசிரியர் வேலைக்கு பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம், அதற்கு மேல் எம்.பி.எட். பயிற்சியாளர் என்று தனியாகத் தகுதி வேண்டுமென்றால் பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயப் படிப்பு இருக்கிறது. வேலையில் இருப்பவர்கள் அங்கே ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பை முடிக்கலாம்.

சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920-இல் தொடங்கியவர் ஹாரி க்ரோ பக். அவர் படித்தது அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்டில். 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நைஸ்மித் பீச் பழக்கூடைகளை மாடி விளிம்பில் மாட்டிவிட்டு இந்த விளையாட்டைத் தொடங்கி வைத்ததும் அதே ஊரில், அதே ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில்தான். தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கிய கல்லூரிக்கும் கூடைப்பந்துக்கும் அவ்வளவு நேரான உறவு. புதிதாக வரும் மாஸ்டர்களுக்கு இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கும்.

"எந்த வயசுல பிள்ளையை விடலாம்? என்ன பந்து வாங்கணும்?"

எட்டு ஒன்பது வயதில் பந்தைத் தட்டிப் பழகலாம், ஐந்தாம் எண் பந்து போதும். பெண்களுக்குப் போட்டிப் பந்து ஆறாம் எண், ஆண்களுக்கு ஏழாம் எண். சின்னப் பையனுக்கு "வளர்ந்தா ஆடுவான்ல" என்று ஏழாம் எண் பந்தை வாங்கிக் கொடுக்காதீர்கள். கை பத்தாமல் இடுப்பிலிருந்து தூக்கி எறியப் பழகிவிடுவான். பதினான்கு வயதில் அந்தப் பழக்கத்தை மாற்றுவது புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடக் கஷ்டம்.

வளையத்துக்கும் இதே விதிதான். பெரியவர்களுக்கு 3.05 மீட்டர், சிறுவர்களுக்கான மினி கூடைப்பந்தில் 2.60 மீட்டர். பள்ளியில் தாழ்வான வளையம் இல்லையென்றால் முதல் வருடம் ஷாட்டையே தொட வேண்டாம். டிரிப்ளிங் (பந்தைத் தட்டியபடி நகர்வது), பாஸ், ஓடிவந்து இரண்டு காலில் நிற்பது, இவையே ஒரு வருடத்துக்குத் தாங்கும்.

"எங்க பையன் குள்ளம் சார். பிரயோஜனம் இருக்குமா?"

மக்ஸி போக்ஸ் என்ற ஆட்டக்காரரின் உயரம் 160 சென்டிமீட்டர். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டன்பார் உயர்நிலைப் பள்ளியில் பாப் வேட் என்ற பயிற்சியாளரிடம் ஆடினார். 1982-83 பருவத்தில் அந்த அணி 31 ஆட்டம் ஆடி 31-லும் ஜெயித்தது. பின்னாளில் போக்ஸ் என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் பதினான்கு பருவங்கள் ஆடினார். அங்கே ஆடியவர்களில் அவரைவிடக் குள்ளமானவர் யாரும் இல்லை.

எல்லாக் குள்ளப் பையனும் போக்ஸ் ஆகிவிட மாட்டான். ஆனால் அணியில் பந்தைத் தட்டிக் கொண்டுபோகிறவன் இடத்துக்கு உயரத்தைவிடக் கண்ணும் காலும்தான் வேண்டும். பதின்மூன்று வயதில் யார் எவ்வளவு வளர்வார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஒன்பதாம் வகுப்பு முடியும்வரை எல்லோருக்கும் எல்லா இடத்தையும் பழக்கு என்பேன். நெட்டையனும் டிரிப்ளிங் பழகட்டும், குட்டையனும் வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்கு, அதாவது ரீபவுண்டுக்கு, குதிக்கட்டும்.

"பாதி வருஷம் மழையும் மிஸ்ட்டும். கோர்ட் காயுறதே இல்லை. எப்படிப் பிராக்டிஸ் பண்றது?"

மலைப் பயிற்சியாளருக்கு இருக்கிற தலையாய கேள்வி இதுதான். ஐப்பசி, கார்த்திகையில் தொடர்ந்து அடிக்கும். மற்ற மாதங்களிலும் மூன்று மணிக்கு மேல் மேகம் இறங்கினால் எதிர் ரிங் தெரியாது. சிமென்ட் தரையில் பாசி பிடித்துவிட்டால் அதில் பிள்ளைகளை ஓடவிடவே கூடாது. வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தால் அந்தப் பருவமே போய்விடும். பிளீச்சிங் பவுடர் தூவி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, தண்ணீரைத் தள்ளிவிட்டுத்தான் ஆட்டம். அந்த வேலையில் அணித் தலைவன் முதல் புதிதாகச் சேர்ந்தவன் வரை எல்லோருக்கும் பங்கு உண்டு.

மழை நிற்காத நாளில் வராந்தா இருக்கிறது. சுவரில் மார்பு உயரத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு அதில் பாஸ் அடிக்கலாம். இரண்டு கையிலும் பந்தைத் தட்டியபடி கண்ணை நிமிர்த்தி, மாஸ்டர் விரலில் காட்டும் எண்ணைச் சத்தமாகச் சொல்லச் சொல்லலாம். டிஃபென்ஸ் நடைக்குப் பந்தே வேண்டாம், தாழ்ந்து குனிந்து பக்கவாட்டில் நகர ஒரு வகுப்பறை நீளம் போதும். ஷாட் மட்டும்தான் வராந்தாவில் முடியாது, மற்ற எல்லாம் முடியும். மழைக்காலத்தை இப்படிக் கழித்த அணிகள் தை மாதத்தில் பந்தைக் கையாளும் விதமே வேறாக இருப்பதைப் பல வருடங்கள் பார்த்திருக்கிறேன்.

சொந்த இன்டோர் கோர்ட் இல்லாமல் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் ஜெர்சி சிட்டி என்ற ஊரில் செயின்ட் ஆன்டனி என்ற சிறிய பள்ளிக்குச் சொந்தமாக உள்ளரங்கம் இருந்ததில்லை. பாப் ஹர்லி என்ற பயிற்சியாளர் பிங்கோ சூதாட்டம் நடக்கும் ஒரு பழைய கூடத்தில், தேய்ந்த பலகைத் தரையில் பயிற்சி கொடுத்தார். 1972 முதல் 2017 வரை அந்தப் பள்ளி அணியை நடத்தி 28 மாநிலப் பட்டங்கள் வாங்கினார். பகலில் வெகுகாலம் நன்னடத்தை அலுவலராக வேலை பார்த்தவர் அவர்.

"மலைப் பிள்ளைங்களுக்கு மூச்சு பலம்ங்கிறாங்களே. அப்புறம் ஏன் கீழ போனா திணறுறாங்க?"

கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கேயே வளர்ந்து ஓடிய உடம்புக்கு அதனால் கொஞ்சம் லாபம் உண்டுதான். ஆனால் திண்டுக்கல்லிலோ மதுரையிலோ வெயிலில் இறங்கியதும் அந்த லாபத்தை வெப்பம் தின்றுவிடும். நம் பிள்ளைகளுக்கு வியர்த்துப் பழக்கமில்லை, தண்ணீர் குடிக்கும் பழக்கமும் இல்லை. குளிரில் தாகம் எடுக்காதே.

முடிந்தால் முந்தின நாளே இறங்கிவிடுங்கள். முடியாவிட்டால் விடியற்காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்து, கொண்டைஊசி வளைவுகளைக் கடந்ததும் வத்தலக்குண்டில் இறங்கி இட்லி சாப்பிட வையுங்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் பாட்டில் பாட்டிலாக வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மேலே காற்றடித்த பந்து கீழே போனதும் மெத்தென்று ஆகிவிடும், கீழே அடித்தது மேலே வந்தால் கல்லாகிவிடும். வெளிக்காற்றின் அழுத்தம் மாறுவதுதான் காரணம். வார்ம்-அப் பந்துகளை எடுத்துப்போனால் பம்பையும் ஊசியையும் கூடவே எடுத்துப் போங்கள். தலை உயரத்திலிருந்து விட்டால் இடுப்புக்குச் சற்று மேலே எழ வேண்டும், அதுதான் கணக்கு.

"பொம்பளைப் பிள்ளையை ஆறு மணி வரைக்கும் எப்படி சார் விடுறது?"

நியாயமான கவலை, இதற்குப் பதில் பஸ் டைம்தான். பூம்பாறை, மன்னவனூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடைசி வசதியான பஸ் எப்போது என்று பார்த்துத்தான் பயிற்சி நேரத்தை வைக்க வேண்டும். மாலையில் முடியாவிட்டால் காலை ஏழரைக்கு வையுங்கள். கோச் கடைசிப் பிள்ளை பஸ் ஏறும்வரை நிற்க வேண்டும். ஒரு ஆசிரியை கூடவே இருக்க வேண்டும். வெளியூர்ப் போட்டிக்கு யார் கூட வருகிறார், எங்கே தங்குகிறார்கள் என்பதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதை இரண்டு வருடம் ஒழுங்காகச் செய்தால் மூன்றாம் வருடம் அம்மாக்களே மகள்களைக் கூட்டி வருவார்கள்.

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதில் இந்திய மகளிர் அணிக்குத் தலைவியானார், 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் பெயரை நம் பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

"எத்தனை கப் ஜெயிச்சா நல்ல கோச்னு சொல்லலாம்?"

மார்கன் வூட்டன் 1956 முதல் 2002 வரை அமெரிக்காவின் மேரிலாந்தில் டிமேத்தா பள்ளி அணியை நடத்தினார். 1,274 வெற்றி, 192 தோல்வி. கூடைப்பந்தின் புகழ் அரங்கில் 2000-இல் சேர்க்கப்பட்டார். இதைக் கேட்டதும் "அப்படின்னா அவர்தான் நல்ல கோச்" என்பார்கள். சரி, டெக்சாஸில் லீட்டா ஆண்ட்ரூஸ் என்ற அம்மா ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பெண்கள் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்து, 2014-இல் விலகும்போது 1,416 ஆட்டங்களை ஜெயித்திருந்தார். வூட்டனைவிட அதிகம். ஆனால் மாநிலப் பட்டம் 1990-இல் ஒரே ஒருமுறை. கோப்பையை மட்டும் எண்ணினால் அந்த அம்மாவை எந்த வரிசையில் வைப்பீர்கள்?

கல்லூரி அணியோ கிளப் அணியோ ஆளைத் தேடிப் பிடித்துக்கொள்ளலாம். பள்ளிக் கோச்சுக்கு அது கிடையாது. வில்பட்டியிலிருந்தும் பண்ணைக்காட்டிலிருந்தும் ஜூன் மாதம் யார் வந்து சேர்கிறார்களோ அவர்கள்தான் அணி. மூன்று நான்கு வருடம் செதுக்கி ஆட்டம் கைகூடும் நேரத்தில் பிளஸ் டூ முடித்துப் போய்விடுவார்கள். மறுபடி முதலிலிருந்து, "வலது கைக்காரன் லே-அப்புக்கு (வளையத்தடிக்கு ஓடிவந்து எம்பிப் போடும் ஷாட்) இடது காலில் எம்பு" என்று தொடங்க வேண்டும். பத்தாவது முறை அதைச் சொல்லும்போதும் முதல்முறை சொன்ன அக்கறையோடு சொல்கிறாரா என்றுதான் நான் பார்ப்பேன். நெடுங்காலம் நின்ற பள்ளிக் கோச்சுகள் எல்லோரிடமும் நான் கண்ட பொதுக்குணம் இது ஒன்றுதான்.

வூட்டன் முதன்முதலில் பொறுப்பேற்ற ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பேஸ்பால் அணி அந்தப் பருவம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. முதல் வருடத்திலேயே குறுவட்டப் போட்டியில் தோற்றுவிட்டு எனக்குப் போன் செய்யும் இளம் மாஸ்டர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

"ஹாஸ்டல் வச்சு ஆடுற பெரிய ஸ்கூலை நாம ஜெயிக்க முடியுமா?"

1965 ஜனவரியில் வூட்டனின் அணி நியூயார்க்கின் பவர் மெமோரியல் பள்ளியோடு மோதியது. பவர் மெமோரியல் தொடர்ச்சியாக 71 ஆட்டங்களை ஜெயித்து வந்த அணி. அதில் ஏழடி உயரத்தில் லூ ஆல்சிண்டர் நின்றார். பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறிந்தவர். அந்தக் கையை மீறி எப்படி ஷாட் போடுவது? பயிற்சியில் தன் ஆட்களில் சிலர் கையில் டென்னிஸ் ராக்கெட்டைக் கொடுத்து உயர்த்திப் பிடிக்கச் செய்தார். அதைத் தாண்டி வளைத்துப் போடப் பழகினார்கள். 46-43, டிமேத்தா ஜெயித்தது.

டென்னிஸ் ராக்கெட்டுக்கு நாங்கள் எங்கே போவது? பரீட்சை அட்டையை எடுத்தோம். உயரமான பையன் இரண்டு கையிலும் அட்டையைத் தூக்கிக்கொண்டு வளையத்தடியில் நிற்பான். பெரிய அணியை எல்லா விதத்திலும் மிஞ்ச முடியாது. அவர்களுடைய பலம் எது என்று ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்கு மட்டும் இரண்டு வாரம் தயாராகலாம். மற்றபடி ஃப்ரீ த்ரோ, எதிரணி ஃபவுல் செய்தால் கோட்டில் நின்று போடும் ஷாட். அதைத் தடுக்க ஆள் கிடையாது, உயரம் தேவையில்லை, ஹாஸ்டல் தேவையில்லை. நெருக்கமான ஆட்டங்களில் சின்னப் பள்ளி ஜெயிப்பது பெரும்பாலும் அந்தக் கோட்டில் நின்றுதான்.

"எந்தெந்தப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போகணும்?"

பள்ளிப் போட்டிகள் குறுவட்டத்தில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என்று ஏறும். தேசியப் பள்ளி விளையாட்டுகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவு.

ஆடுவதற்கு மட்டுமல்ல, பார்ப்பதற்கும் கூட்டிப் போங்கள். மலையடிவாரத்தில் பெரியகுளத்தில் கோடையில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது. நாட்டின் பெரிய துறை அணிகள் அங்கே வந்து விளக்கொளியில் ஆடும். கேலரியில் உட்கார்ந்து, பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் ஒரு நல்ல பாயின்ட் கார்டை மட்டும் கண்ணை எடுக்காமல் பார் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். பந்து கையில் இல்லாதபோது அவர் எங்கே ஓடுகிறார் என்று திரும்பி வந்து சொல்ல வேண்டும்.

"பத்தாவது வந்துட்டான். நிறுத்திடட்டுமா?"

முழுதாக நிறுத்த வேண்டாம், குறையுங்கள். ஜனவரி வரை வாரத்துக்கு மூன்று நாள், பிறகு பரீட்சை முடியும்வரை விடுமுறை. மற்ற ஆசிரியர்களிடம் கோச் தானே போய் மதிப்பெண் கேட்க வேண்டும். கணக்கில் தவறியவனை அந்த வாரம் கணக்கு வகுப்புக்கு அனுப்ப வேண்டும். வூட்டன் அதே பள்ளியில் வரலாற்றுப் பாடம் எடுத்தவர். 1961 முதல் 1990 வரை அவர் அணியின் கடைசி வகுப்பு ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும், பெஞ்சில் இருந்தவர் உட்பட, கல்லூரி உதவித்தொகை கிடைத்தது. அவருடைய வெற்றிக் கணக்கைவிட எனக்கு இது பெரிதாகத் தெரிகிறது.

நம் மாநிலத்தில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும், பொறியியல் கலந்தாய்வில் தனி இடங்களும் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் அவை மாநில, தேசிய அளவில் ஆடியவர்களுக்கே போய்ச் சேரும். "ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்" என்ற ஒரே நம்பிக்கையில் பிள்ளையை அனுப்பாதீர்கள். ஆடிய போட்டிகளின் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருங்கள். மழைக்கால ஈரத்தில் அட்டை பூஞ்சை பிடிக்கும், பிளாஸ்டிக் கவரில் போடுங்கள்.

"என் மகனை ஏன் பெஞ்சிலேயே உட்கார வைக்கிறீங்க?"

கேட்கும் பெற்றோரின் வலி எனக்குப் புரிகிறது. பூண்டு அறுவடையை விட்டுவிட்டு ஆட்டம் பார்க்க வந்த அப்பா அவர். களத்தில் ஐந்து பேர்தான் நிற்க முடியும். மற்றவர்கள் எப்போது, எதற்கு இறங்குவார்கள் என்பதை ஆட்டத்துக்கு முன்பே பையனிடம் கோச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் உட்கார வைப்பதுதான் தவறு. "நீ இரண்டாவது குவார்ட்டரில் அந்த ஏழாம் நம்பரை மறிக்க இறங்குவாய்" என்று தெரிந்தவன் பெஞ்சில் உட்கார்ந்தே ஆட்டத்தைப் படிப்பான்.

பெற்றோருக்கு நான் கேட்டுக்கொள்வது ஒன்று: ஆட்டம் முடிந்த அரைமணி நேரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். மறுநாள் பள்ளிக்கு வாருங்கள். பையனையும் கூட வைத்துக்கொண்டு பேசுவோம்.

"நீங்க வளர்த்த பையனைப் பெரிய ஸ்கூல் கூப்பிட்டா விட்டுடுவீங்களா?"

விட வேண்டும். அரசு விளையாட்டு விடுதியோ, கீழே நல்ல அணியோ, அவனுக்கு அதிக ஆட்டமும் சாப்பாடும் படிப்பும் கிடைக்கிற இடமென்றால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். வருத்தம் இருக்கும். ஆனால் கோச்சின் கோப்பைக்காகப் பிள்ளையைப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை. அனுப்பும் முன் மூன்று விஷயங்களை விசாரியுங்கள்: காயம் பட்டால் யார் பார்ப்பார்கள், ஃபெயில் ஆனால் என்ன செய்வார்கள், போன வருடம் சேர்த்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்களா. மூன்றாவதற்கு வரும் பதிலே போதும்.

"மத்த டீம்ல வயசைக் குறைச்சு ஆட வைக்கிறாங்க. நாம மட்டும் ஏன் ஒழுங்கா இருக்கணும்?"

புகார் கொடுக்க வழி இருக்கிறது, ஆதாரத்தோடு எழுத்தில் கொடுங்கள். ஆனால் நம் அணியில் ஒருவனுக்கு வயதைக் குறைத்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். அவன் இடத்தில் ஆட வேண்டிய உண்மையான பதின்மூன்று வயதுப் பிள்ளை வெளியே நிற்கிறான். அணியில் மீதிப் பதினொரு பேருக்கும் உண்மை தெரியும். அதற்குப் பிறகு அந்த மாஸ்டர் "கோட்டை மிதிக்காதே" என்று சொன்னால் அவர்கள் எப்படிக் கேட்பார்கள்? வருடக்கணக்கில் ஒரே ஊரில் இருக்கப் போகிறவருக்கு இது இன்னும் பெரிய விஷயம். அவனுடைய தம்பியும் நாளை உங்களிடம்தான் வருவான்.

"இவ்வளவு திறமை இருந்தும் ஏன் மேல போகாம ஒரே ஸ்கூல்லயே இருந்துட்டீங்க?"

"மேலே" என்பது எது என்று ஆளுக்கு ஆள் மாறும். வூட்டனுக்கு 1980-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் பயிற்சியாளர் வேலை தர முன்வந்தது. அவர் போகவில்லை. பல்கலைக்கழகத்தில் சம்பளம் அதிகம், புகழ் அதிகம். ஆனால் பதினான்கு வயதில் ஒரு பிள்ளை முதன்முதலாகச் சரியாக எம்பி லே-அப் போடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் பள்ளியில்தான் இருக்க வேண்டும். எனக்கும் அதுதான் காரணம்.

நிலைத்திருப்பது நம் கையில் மட்டும் இல்லை என்பதும் உண்மை. மேலே சொன்ன ஹர்லி அத்தனை பட்டங்கள் வாங்கிக் கொடுத்த பள்ளி பணமில்லாமல் 2017-இல் மூடப்பட்டது. ஆகவே ஒரே பள்ளியில் இருப்பவர்களும் தங்கள் பயிற்சிக் குறிப்புகளை நோட்டில் எழுதி வையுங்கள். பள்ளி மாறினாலும் அது கூட வரும்.

"எப்ப விலகணும்? உங்களுக்கு அப்புறம் டீம் என்னாகும்?"

புதுப் பிள்ளைகளின் பெயரைக் கற்றுக்கொள்ள அலுப்பாக இருக்கிறது என்றால் விலகும் நேரம் வந்துவிட்டது. முழங்கால் வலி காரணமே இல்லை, நாற்காலி போட்டு உட்கார்ந்தும் சொல்லிக்கொடுக்கலாம்.

பருவத்தின் நடுவில் விலகாதீர்கள். கடைசி இரண்டு வருடம் அடுத்து வரப்போகிற மாஸ்டரைக் கூடவே நிறுத்திக்கொண்டு, முதல் வருடம் அவர் பார்க்க நீங்கள் நடத்துங்கள், இரண்டாம் வருடம் அவர் நடத்த நீங்கள் பாருங்கள். பந்து அறைச் சாவி, நோட்டு, பஸ் டைம் அட்டவணை, பெற்றோர்களின் போன் எண்கள் எல்லாவற்றையும் ஒப்படையுங்கள். அவர் ஜோன் டிஃபென்ஸ் (ஆளுக்கொரு பகுதியைக் காப்பது) ஆட வைத்தால், நீங்கள் காலமெல்லாம் மேன்-டு-மேன் (ஆளுக்கு ஆள் மறிப்பது) ஆட வைத்தவராக இருந்தாலும், பிள்ளைகள் எதிரே அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. கேட்டால் டீக்கடையில் வைத்து அவரிடம் மட்டும் சொல்லுங்கள்.